வீட்டுக்காரரின் வலது பக்கம்

ஆடி 24, வெள்ளி

காலையிலிருந்து ஒரே காற்று. போட்ட கோலம் எட்டு மணிக்குள் தெருவோடு போய்விட்டது. கொடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு விசைத்தறி ஷெட் மேல் கிடக்கிறது. அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அதனால் துண்டும் இல்லை.

இன்று செய்ய வேண்டியவை:
கரன்ட் பில்.
கூழுக்குக் கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை.
கவிதாவுக்கு போன். (களம்பூரில் கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளை ஆகிவிட்டது, இன்னும் ரசத்துக்கு என்னைத்தான் கேட்கிறாள்.)
வீ.கா.வுக்குத் தைலம்.

வீ.கா. என்றால் வீட்டுக்காரர். தனசேகர் என்று எழுத நீளம்.

வலது பக்க மார்பில் வலியாம். தோளுக்குக் கீழே, கை வரைக்கும் இழுக்கிறதாம். போன ஞாயிறு சம்பந்தி வீட்டாரோடு களம்பூர் பக்கத்துத் திருமலைச் சமணக் கோயிலுக்குப் போனபோது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சமண முனிவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. சம்பந்தியம்மா மேலே போய்க் கோயில், குகை எல்லாம் பார்த்துவிட்டு இறங்கும்வரை அதே படியில். எனக்கு மானம் போனது.

இன்று மறுபடியும், மாடிக்குத் தண்ணீர் தூக்கும்போது.

"மல்லி, ஹார்ட்டா இருக்குமாடி?"

"ஹார்ட்டு இந்தாண்ட கீது. உங்களுக்கு வலிக்கிறது அந்தாண்ட. ஆறாங்கிளாஸ் புள்ளயக் கேட்டாக்கூட சொல்லும்."

ப்ளஸ் டூவில் விலங்கியல் படித்தவள் நான். ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த இதயத்தை டீச்சர் மூன்று வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நான்கு அறை. வலது பக்கத்துக்கு நீலப் பென்சில், இடது பக்கத்துக்குச் சிவப்பு. கெட்ட ரத்தம் நுரையீரலுக்கு, நல்ல ரத்தம் உடம்புக்கு. இடது கீழறைச் சுவர் மட்டும் தடியாக இருக்க வேண்டும், உடம்பு முழுக்கத் தள்ளுவது அதுதான். தடியாக வரையாதவர்களுக்கு மார்க் குறைத்தார்கள்.

இவர் நாள் முழுக்கக் கைத்தறியில் உட்கார்ந்து வலது கையால் நாடா இழுக்கிறார். வலது பக்கம் வலிக்காமல் வேறு எங்கே வலிக்கும்? தசைப்பிடிப்பு. விஷயம் முடிந்தது.

ஆடி 25, சனி

முடியவில்லை. காலையில் தறியில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். முகம் வேர்வை. காற்று இப்படி அடிக்கும்போது எதற்கு வேர்வை?

பஜாருக்கு பஸ்ஸில். டாக்டரம்மாவிடம் கூட்டம். நாக்கைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

ஈ.சி.ஜி. எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். மார்பில் ரப்பர் குமிழ், கை கால்களில் கிளிப். காகிதம் வந்தது. பார்த்தாள். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினாள்.

"அண்ணா, கைய ஆட்டாம படுங்க."

"ஆட்டலம்மா."

மறுபடி காகிதம். மறுபடி பார்த்தாள்.

"கை ஒயரு மாத்திப் போட்டுட்டன் போலகீது. எல்லாம் தலகீழா வருது."

மூன்றாவது தடவையும் அப்படியே. மேலே போக வேண்டிய கோடு கீழே போகிறதாம். டாக்டரம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, "இது சரியா வரலம்மா. மிஷினு கோளாறான்னு தெரியல. மார்பு எக்ஸ்ரே ஒன்னு எடுத்துடுங்க. நான் சென்னைக்குப் போறேன், வெள்ளிக்கிழம காலைல காட்டுங்க. நடுவுல வலி வந்தா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும். தறியில உக்கார வேணாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்தார். கல்யாணப் புடவை. முந்தியில் மணமக்கள் பெயர் நெய்ய வேண்டும். ஆவணியில் முகூர்த்தம். கொடுத்த வாக்கு.

ஒன்று நினைவு வந்தது. இதயத்துக்குக் கரன்ட் மேலே வலது அறையில் ஒரு கணுவிலிருந்து வருகிறது. மூளைகூடச் சொல்ல வேண்டாம், தானே அடிக்கும், தவளையில் வெளியே எடுத்து வைத்தாலும் கொஞ்ச நேரம் அடிக்கும் என்று டீச்சர் சொன்னார். அப்போது எழுதிக்கொண்டேன், கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது. மூளை சொல்லவில்லை என்றால் அதற்கு யார்தான் சொல்கிறார்கள்?

ஆடி 26, ஞாயிறு

கூழ் ஊற்றினோம். வீ.கா. இரண்டு சொம்பு. வலி இல்லை என்றார். பொய். குடத்தை இறக்கும்போது வலது கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

துண்டு இன்னும் ஷெட் மேல்தான்.

ஆடி 27, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. "ரிப்போர்ட்டு வோணுமா?" என்று கேட்டார்கள். எங்கள் டாக்டரம்மாவே பார்த்துக்கொள்வார், பிலிம் போதும் என்று வாங்கிவந்தேன். பேஜார் பிடித்த கூட்டம்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பிலிமை உறையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? மதியம் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்பு வெள்ளை வெள்ளையாக. நடுவில் இதயம், மங்கலாக ஒரு வெள்ளைப் பை. அதன் கூர்முனை எனக்கு இடது கைப் பக்கம் சாய்ந்திருந்தது.

புத்தகத்தில் கூர்முனை நம் வலது கைப் பக்கம் சாய்ந்திருக்கும். படத்தில் இருக்கிற ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறான், அவனுக்கு இடது என்றால் நமக்கு வலது. இதை மறக்காமல் இருக்க எனக்கு ஒரு வாரம் ஆனது அந்தக் காலத்தில்.

அப்படியானால் இதைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். திருப்பினேன். சரியாக வந்தது. என் ரெக்கார்டு நோட்டில் இருந்த மாதிரியே. ஓரத்தில் ஒரு ஆர் எழுத்து, அது மட்டும் இப்போது கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பித் தெரிந்தது.

வீ.கா.விடம் காட்டினேன். "எழுத்து திரும்பினுகீதே" என்றார்.

"திரும்பித்தான இருக்கும்? நாம நெய்யறப்ப?"

"ஆமா, கரெக்டுதான்."

எங்கள் வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. புடவையின் நல்ல பக்கம் தறியில் கீழே இருக்கும், நாங்கள் நாள் முழுக்கப் பார்ப்பது அடிப்பக்கம். பெயர் நெய்தால் எழுத்து எல்லாம் திரும்பித்தான் தெரியும். திரும்பித் தெரிந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம். நேராகத் தெரிந்தால்தான் பிரித்து நெய்ய வேண்டும். கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் நல்ல பக்கம் தெரியும்.

ஜன்னலில் வைத்து போன் கேமராவில் எடுத்து, ஓரத்தை வெட்டி, ரேவதிக்கு அனுப்பினேன். அண்ணன் மகள். வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

ஆடி 28, செவ்வாய்

ரேவதி வாய்ஸ் மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்:

"அத்த, போட்டோல பாத்த வரைக்கும் ஹார்ட்டு சைஸு நார்மலாத்தான் கீது. ஆனா நான் செகண்ட் இயருதான் அத்த. என்னிய நம்பாத. மாமாவுக்கு வேர்வையெல்லாம் வருதுன்ற, டாக்டராண்ட ஜல்தியா காட்டு."

முதல் பாதியை வீ.கா.வுக்கு ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டாம் பாதி வருவதற்குள் நாடாவை இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

நார்மல். நான் முதல் நாளே சொன்னேன். தைலம் இரண்டு வேளை, வெந்நீர் ஒத்தடம்.

கத்தரிக்காய் பூச்சி. கவிதா போன் செய்தாள், புளிக்குழம்பு எப்படி வைப்பது என்று.

ஆடி 29, புதன்

பக்கத்து ஷெட்டில் விடிந்ததிலிருந்து டடக் டடக். கோபால் அண்ணன் இப்போது மூன்றாவது விசைத்தறியும் போட்டிருக்கிறார். சுவரில் மாட்டிய காலண்டர் ஆடுகிறது. போய்ச் சண்டை போட்டது போன வருஷம், அதற்குப் பிறகு அவர் மனைவி செல்வியும் நானும் குழாயடியில்கூட முகம் பார்ப்பதில்லை.

இவருக்கு இன்று வலி இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டார். எனக்கு உள்ளே என்னவோ சரியில்லை. நார்மல் என்று தெரிந்த பிறகும் ஏன் இப்படி?

ஆடி 30, வியாழன்

தூறல். பெயரில் மணமகன் முடிந்தது. மணமகள் பாதி.

ஆடி 31, வெள்ளி. வேலூரிலிருந்து எழுதுகிறேன்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளி. காலையில் கோயிலுக்குப் போய் வந்ததும், "வலிக்குது" என்று தானாகச் சொன்னார். இவர் தானாகச் சொல்கிறவர் இல்லை. தறிப் பக்கத்தில் பாயில் படுக்க வைத்தேன். டாக்டரம்மா பத்து மணிக்கு வருவார், அதற்குள் ஒரு கை தைலம் தேய்த்துவிடலாம் என்று வலது மார்பில் கை வைத்தேன்.

உள்ளங்கையை எதுவோ இடித்தது.

கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். முலைக்காம்புக்குக் கொஞ்சம் கீழே. தட். தட். தட். விசைத்தறி அதிர்வு பாய் வழியாக வருகிறதோ என்று நினைத்தேன். அது வேறு தாளம். இது வேறு தாளம்.

இடது பக்கம் வைத்தேன். ஒன்றும் இல்லை. அழுத்தி வைத்தேன். ஒன்றும் இல்லை.

எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: வலி தாங்காமல் இதயம் நகர்ந்துவிட்டது. விலங்கியல் படித்தவளுக்கு இப்படித் தோன்றியது. எழுதவே வெட்கம்.

"இன்னாடி பாத்துகினு இருக்க?"

"பேசாம படுங்க."

என் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். இடது. சரி. அவர் மார்பில். வலது. சரியில்லை.

பிலிமை எடுத்து ஓடிவந்தேன். திரும்பிய ஆர் எழுத்து. தறிக்கு அடியில் கிடந்த கைக்கண்ணாடியை எடுத்து பிலிமுக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியில் எழுத்து நேராக இருந்தது. இதயம் முதலில் பார்த்தது போலவே அவர் வலது பக்கம் சாய்ந்திருந்தது. அவர்கள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் புத்தகத்துக்கு ஏற்ற மாதிரி என் வீட்டுக்காரரைத் திருப்பிவிட்டேன்.

இடது பக்கம் வலித்திருந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். ஒரு வாரமாக இதயத்தின் மேலேயே தைலம் தேய்த்திருக்கிறேன்.

தெருவில் ஆட்டோ இல்லை. கோயில் கூட்டம். யோசிக்கவில்லை, பக்கத்து ஷெட்டுக்குள் நுழைந்து கத்தினேன். அந்தச் சத்தத்தில் கோபால் அண்ணனுக்கு என்ன கேட்டதோ. என் முகத்தைப் பார்த்ததும் வேன் சாவியை எடுத்தார். புடவைக் கட்டு ஏற்றுகிற வேன். பின்னால் பாயைப் போட்டு வீ.கா.வைப் படுக்க வைத்தோம்.

"ஏறும்மா, ஜல்தி ஏறு."

முதலில் டாக்டரம்மா. பிலிமைக் கொடுத்து, "டாக்டர், இவருக்கு இதயம் வலது பக்கம் கீது" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை. ஸ்டெத்தை வழக்கம்போல இடது பக்கம் வைத்தார். முகம் மாறியது. மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார். அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆமாம்மா."

அப்புறம் ஈ.சி.ஜி. பெண்ணைக் கூப்பிட்டு, குமிழை எல்லாம் வலது பக்கம் வைக்கச் சொன்னார். மேலே போக வேண்டிய கோடுகள் மேலே போயின. அதில் வேறு ஒன்று தெரிந்தது. அது நல்லதில்லை. ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லிக் கடிதம் எழுதி, நேராக வேலூர் போகச் சொன்னார். ஈ.சி.ஜி. பெண் வாசல்வரை வந்தாள். "நான் ஒயரு சரியாத்தான் போட்டன், இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

இப்போது வார்டில். கோபால் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வீ.கா. தூங்குகிறார். மணமகள் பெயர் பாதியில் நிற்கிறது.

பயமாக இருக்கிறது.

ஆவணி 1, சனி

கவிதா வந்துவிட்டாள். வந்ததும் அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு இட்லி ஊட்டினாள்.

எக்கோ எடுத்தார்கள். மார்பில் பசை தடவி டி.வி.யில் பார்ப்பது. இதயத்தை முதல் தடவையாக உயிரோடு பார்த்தேன். நான் வரைந்தது மாதிரி இல்லை. நீலமும் இல்லை சிவப்பும் இல்லை, சாம்பல் நிறத்தில் எதுவோ உதறிக்கொண்டிருந்தது. உள்ளே மெல்லிய கதவுகள் சாத்திச் சாத்தித் திறந்தன. லப் டப் என்பது அந்தக் கதவுகள் சாத்துகிற சத்தம்தானாம். இதயம் அடிக்கிற சத்தம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயது. பொறுமைசாலி. நான் கேட்டதும் அவர் சொன்னதும்:

"இது எப்ப மாறிச்சு டாக்டர்?"

"மாறலம்மா. வயித்துல கருவா இருக்கும்போதே இப்படித்தான் உருவாச்சு. இதயம் மட்டும் இல்ல. கல்லீரல் இடது பக்கம் இருக்கு, இரைப்பை வலது பக்கம். எல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி."

"அதனாலதான் வலியா?"

"இல்லம்மா. இது வியாதியே இல்ல. திரும்பி இருக்கு, ஆனா ஒழுங்கா இருக்கு. வலிக்கு வேற காரணம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல அடைப்பு இருக்கும்னு சந்தேகம். அது எல்லாருக்கும் வர்றதுதான்."

இங்கே எனக்குக் குழம்பிவிட்டது. இதயத்துக்குள் ரத்தம் நிரம்பி வழிகிறது. அதற்குத் தனியாக எதற்குக் குழாய்? கேட்டேன். சிரிக்கவில்லை.

"ஓட்டல் மாஸ்டர் அண்டா அண்டாவா சமைக்கிறாரு. பசிச்சா அவரும் தட்டு போட்டு உக்காந்துதானேம்மா சாப்பிடணும்? அண்டாகிட்ட நின்னா வயிறு நிறையுமா?"

இது புரிந்தது. அடுத்தது புரியவில்லை. இடது கீழறையின் தசைக்குப் போகிற குழாயில்தான் அடைப்பு இருக்கும் போல என்றார். விரலால் வீ.கா.வின் வலது பக்கத்தைக் காட்டினார்.

"அது வலது கீழறை இல்லியா?"

"இல்லம்மா, இடது கீழறைதான். வலது பக்கம் இருக்கு."

"வலது பக்கம் இருந்தா வலதுதான?"

"உடம்பு பூரா ரத்தம் தள்ளற அறைக்குப் பேரு இடது கீழறை. அது எந்தப் பக்கம் இருந்தாலும் பேரு அதுதான்."

தலை சுற்றியது. பேப்பரில் வரைந்து பார்த்தேன். வீ.கா.வின் இடது வலது பக்கம் இருக்கிறது, நான் எதிரில் நின்றால் அது எனக்கு இடது, பிலிமைத் திருப்பினால் வலது. நான்கு படம் வரைந்தேன். எது சரி என்று தெரியாமல் நான்கையும் கிழித்தேன். கவிதா, "அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றாள்.

மதியம் மாணவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக ஸ்டெத்தை இடது பக்கம் வைத்துத் திகைத்து, வலது பக்கம் வைத்துச் சிரித்து. வீ.கா.வுக்கு ஒரே பெருமை. "இன்னும் யாருனா பாக்கணுமா?" என்று வாசலைப் பார்க்கிறார். திருமலைப் படியில் உட்கார்ந்த மனுஷன் இவரா என்று இருக்கிறது.

ரேவதி ஹாஸ்டலிலிருந்து வந்தாள். முகமே சரியில்லை.

"அத்த, நீ போட்டோவுல ரைட்டுன்னு காட்டற ஆர் எழுத்து கீற ஓரத்த வெட்டிட்டியா?"

"வெட்டிட்டன்."

பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆவணி 2, ஞாயிறு

சும்மா இருக்கிற நாள். நாளைக்கு ஆஞ்சியோ, அடைப்பு இருந்தால் அதிலேயே ஸ்டென்ட்.

நினைத்துப் பார்த்ததில்:
இவருக்குச் சின்ன வயதில் ஒரு ஜுரம்கூட வந்ததில்லை என்று மாமியார் சொல்வார். அதனால் யாரும் பிலிம் எடுத்ததில்லை.
எத்தனை தடவை இடது மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பார். காலி இடத்தில்.
இதயம் ஒவ்வொரு துடிப்புக்கு நடுவிலும் ஓய்வு எடுக்கிறது, தசைக்கு ரத்தம் அதிகம் போவது அந்த ஓய்வில்தான் என்று டாக்டர் சொன்னார். இவர் ஓய்வே எடுக்காதவர் என்று புகார் சொன்னேன். "அதச் சொல்லித்தான் தறியிலேர்ந்து எறக்கணும்" என்றார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இடது கையா வலது கையா, எந்தக் கை வழியாகக் குழாய் விடுவீர்கள் என்று கேட்டேன். இரண்டிலும் முடியும் என்றார். இது எனக்கு ஆறுதலா பயமா தெரியவில்லை.

கடவுள் ஏன் இவரை மட்டும் அடிப்பக்கம் மேலே வைத்து நெய்தார்? கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஆவணி 3, திங்கள்

காலை. இன்னும் கூப்பிடவில்லை. புது ஷிப்ட். புது நர்ஸ். புது ஆள் தள்ளுவண்டியோடு. இவர்களுக்கெல்லாம் தெரியுமா? நேற்று இருந்தவர்கள் சொல்லியிருப்பார்களா? பெரிய டாக்டரே முதலில் இடது பக்கம்தானே கை வைக்கிறார். நானே வைத்தேன்.

பேனாவை எடுத்தேன். இதே பேனா. சட்டையை விலக்கி அவர் வலது மார்பில் எழுதினேன், இதயம் இங்கே. கீழே ஒரு அம்புக்குறி.

"கூசுதுடி."

"ஆடாதீங்க. எழுத்து கோணிக்கும்."

"நேராத்தான எழுதற? திருப்பி எழுதிடப்போற."

அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை. அவர் தலையைத் தூக்கி எழுத்தைப் படிக்கப் பார்த்தார், அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. "நல்லாகீது" என்றார். அவரும் அழுதார்.

சின்ன டாக்டர் வந்து படித்தார். "எங்களுக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சா சரி டாக்டர். அழிக்காதீங்க."

"அழிக்கல."

கதவு சாத்தினார்கள்.

மதியம். ஒரு குழாயில் பெரிய அடைப்பு இருந்ததாம். ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். கண்ணாடியைப் பார்த்து வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, எல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பி யோசித்து வைக்க வேண்டியிருந்தது என்று சின்ன டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

மசாலா தோசை சாப்பிட்டேன். இரண்டு.

ஆவணி 6, வியாழன்

வீடு. மழை. வாசலில் தண்ணீர்.

கோபால் அண்ணன்தான் வந்து கூட்டிவந்தார். செல்வி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள், சோறும் ரசமும். என் துண்டு மடித்து வாசல் திண்ணையில் இருந்தது.

மாத்திரைகள்: காலையில் மூன்று, மதியம் ஒன்று, ராத்திரி இரண்டு. தறி கூடாது, டாக்டர் சொல்லும்வரை. கல்யாணப் புடவையை நான் முடிக்கிறேன். மணமகள் பெயரில் மீதிப் பாதி நேற்றுவரை அப்படியே நின்றது. கீழே கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தேன். இனிமேல் எதையும் ஒரு தடவை பார்த்து நம்பமாட்டேன்.

வீ.கா. பாயில் படுத்துக்கொண்டு, "மூணாவது இழை தளர்ந்துகீது" என்று அதிகாரம் பண்ணுகிறார்.

ஆவணி 7, வெள்ளி

மழை விட்டது. சாமி கும்பிட்டேன். முருங்கைக்கீரைப் பொரியல், உப்பு இல்லாமல். "இது இன்னா, மாட்டுக்கா?" என்றார். சாப்பிட்டார்.

மதியம் அவர் தூங்கும்போது ஒன்று தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து நான் படுப்பது இவருக்கு வலது பக்கம். இடது பக்கம் சுவர். பக்கத்து ஷெட் வருவதற்கு முன்னால் இவர் மார்பில் தலை வைத்தால் காதில் கேட்கும். நன்றாகவே கேட்கும். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு, இதயம் இந்தப் பக்கம் என்று ரெக்கார்டு நோட்டை நம்பியிருக்கிறேன். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, இது எப்படி இங்கே கேட்கிறது என்று தோன்றவில்லை.

போய்த் தலை வைத்தேன். பேனாவில் எழுதியது இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. மூன்று விசைத்தறி. டடக் டடக் டடக்.

"இன்னாடி?"

"ஒன்னுமில்ல. எழுந்திரிக்காதீங்க."

சுவர் ஓரம் போய் நின்று, "செல்வி, ஒரு நிமிஷம் நிறுத்தறியாம்மா?" என்று கத்தினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒன்று நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவதும். திரும்பி வந்து தலை வைத்தேன்.

கேட்கிறது.